ஆளை அனுப்புவதா, வளவாளரை அழைப்பதா? வன்னியின் சிறு நூதனசாலைகளுக்கு நான்கு பயிற்சி வழிகள்

முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் காலத்துக் கல் ஒன்று நடப்பட்டிருந்தது. கப்டன் வொன் டிரிபேர்க் 1803 ஒக்ரோபர் 31 அன்று இந்த இடத்துக்குக் கிட்டப் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. வன்னியின் முதல் விளக்கப் பலகை அதுதான் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. யார், யாரை, எப்போது, எங்கே, எல்லாம் இருக்கிறது. ஆனால் அதை வாசிக்க வேண்டியவர் யார் என்று பாருங்கள். ஒட்டுசுட்டான் கமக்காரர் இல்லை. குதிரையில் அந்த வழியால் போகும் அரசாங்க உத்தியோகத்தர். யாருக்காக எழுதுகிறோம் என்று முடிவானதுமே மொழி, எழுவாய், பயனிலை எல்லாம் தானாக முடிவாகிவிட்டன.

பார்வையாளரை முன்வைத்துக் கண்காட்சி திட்டமிடுவது என்றால் அந்த ஒரு கேள்வியை வேலை தொடங்கும்போதே கேட்பதுதான். அதைப் பழக எங்கே போவது என்று அண்மையில் இரண்டு தரப்பினர் என்னிடம் கேட்டார்கள். ஒன்று ஒரு பாடசாலை. பழம்பொருள் அறை ஒன்றை வைத்திருக்கிறார்கள், அதைச் சனம் பார்க்கும்படி ஆக்க ஆசை. மற்றது கலாசார மண்டபத்தில் ஒரு மூலையை நூதனசாலையாக மாற்ற நினைக்கும் ஓர் உள்ளூர்க் குழு. இருவரிடமும் கொஞ்சம் காசு இருக்கிறது. ஒருவரை எங்காவது அனுப்பிப் படிப்பிப்பதா, இணையத்தில் படிப்பதா, பயிற்சி தரும் வளவாளர் யாரையாவது இங்கே கூப்பிடுவதா என்பதுதான் இருவரின் குழப்பமும்.

## எதை வைத்து அளப்பது?

நூதனசாலைப் பொறுப்பாளருக்கு வழமையாகக் கிடைக்கும் பயிற்சி பொருளிலிருந்து தொடங்கும். சேகரி, பதிவேட்டில் ஏற்று, பூச்சி அரிக்காமல் பார், கண்ணாடிப் பெட்டிக்குள் வை, பெயர் எழுது. பார்வையாளரை முன்வைக்கும் முறை மறுபக்கத்தால் வரும். யார் வருவார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதை அறிய விரும்புவார்கள் என்று கண்காட்சிக்கு முன்பே கேட்பது முதல் சுற்று. பொருளின் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டைகளை மாதிரியாக எழுதி, விளங்குகிறதா என்று பார்ப்பது இரண்டாம் சுற்று. திறந்த பிறகு யார் எங்கே நின்றார், எதைத் தாண்டிப் போனார் என்று குறிப்பெடுப்பது மூன்றாவது. பென்சில், மண்டபத்தின் வரைபடம், கைக்கடிகாரம் இருந்தால் போதும். தத்துவத்தை அரை நாளில் வாசித்து முடிக்கலாம். கை பழக ஓர் உண்மையான கண்காட்சி வேண்டும்.

அதனால் என் முதல் அளவுகோல், பயிற்சிக் காலத்திலேயே உண்மையான பார்வையாளர் முன் நிற்கக் கிடைக்குமா என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக எடை கொடுப்பேன்.

இரண்டாவது மொழி. முடிவில் எழுதப் போவது தமிழ் அட்டை. தெற்கிலிருந்து வருபவர்களுக்குச் சிங்களமும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தேவைப்படும். ஓர் அட்டைக்கு 50 முதல் 75 சொல் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் அளவு. அதை மூன்று மொழியில் போட்டால் என்ன ஆகும் என்று ஆங்கிலத்தில் மட்டும் அட்டை எழுதப் பழகியவருக்குத் தெரியாது. எங்கள் சொற்கள் நீளம், எழுத்துகள் அகலம். பலகையில் அரைவாசியைத் தமிழே பிடித்துவிடும்.

மூன்றாவது இடமாற்றம். அரச உத்தியோகத்தர் என்றால் ஒருநாள் கடிதம் வரும். பழகியவர் போன பிறகு பழகியது மிஞ்சுமா?

நான்காவது மறைசெலவு. பாடநெறிக் கட்டணம் எல்லோருக்கும் தெரியும். தங்குமிடம், பதில் கடமை, வீட்டில் பிள்ளைகளைப் பார்ப்பது யார் போன்றவற்றை ஒருவரும் எழுதி வைப்பதில்லை. சான்றிதழ் ஐந்தாவது. பதவி உயர்வுக்கும் சம்பளப் படிக்கும் அது உதவுமா என்று கேட்பது வெட்கப்படவேண்டிய விடயமில்லை.

கடைசி அளவுகோலை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் கண்டதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு கண்காட்சியில் நசுங்கிய அலுமினியச் சட்டி ஒன்றை வைத்திருந்தோம். ஓர் அம்மா அதன் முன் கனநேரம் நின்றுவிட்டுக் கையை நீட்டினார். காவலுக்கு நின்ற பெடியன், “தொடாதேங்கோ அம்மா” என்றான். அவன் பிழையில்லை, அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். “எங்கட சட்டி மாத்தளனோட போட்டுது” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். 2009 இல் போரின் முடிவில் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனத்துக்குச் சுளகும் உரலும் ‘பண்டைய பொருட்கள்’ இல்லை. அந்த நேரத்தில் என்ன செய்வது, எந்தப் பொருளை எந்த இடத்தில் வைப்பது, பக்கத்தில் ஒரு கதிரை போடுவதா என்பதெல்லாம் இங்கே பார்வையாளர் திட்டமிடலின் நடுப்பகுதி. ஆகவே துயரத்தோடு வருபவரை எதிர்கொள்ளச் சொல்லித் தருமா என்பதையும் சேர்த்துத்தான் அளக்கிறேன்.

## வழி 1: நீண்ட கற்கைநெறி

நூதனசாலையியலைப் பல்கலைக்கழகத்தில் பட்டமாகவோ டிப்ளோமாவாகவோ படிப்பது. பக்கத்து நாட்டில் பேர்போன இடம் குஜராத்தின் வடோதராவில் உள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம். அங்கே நூதனசாலையியல் துறை 1952 இலிருந்து இருக்கிறது. இலங்கையர்களுக்கு இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் உண்டு என்பதால் முயன்று பார்க்கலாம்.

ஆழம் என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. சேகரிப்பு, பாதுகாப்பு, சட்டம், கல்விப் பணி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் கண் வரும். சான்றிதழ் விடயத்திலும் இதற்குத்தான் முதலிடம். பார்வையாளர் முன் நிற்கவும் கிடைக்கும், ஆனால் அந்தப் பார்வையாளர் குஜராத்திப் பள்ளிப்பிள்ளைகளாக இருப்பார்கள். முறையைப் பழகலாம், சனத்தைப் பழக முடியாது.

மறைசெலவு இங்கேதான் பெரிது. சம்பளத்துடன் கல்வி விடுமுறை எடுத்தால் இத்தனை வருடம் திரும்பி வேலை செய்வேன் என்று பிணைமுறி எழுத வேண்டும். அதுவரை அவருடைய கதிரையில் யார்? பெரும்பாலும் ஒருவருமில்லை, சாவி அலுமாரிக்குள் கிடக்கும். திரும்பி வந்தவர் ஓர் அறையையும் இரண்டு கண்ணாடிப் பெட்டியையும் பார்த்து மனம் விட்டுப்போன கதையும் எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்து வெளியே வந்து, இன்னும் வேலையில் அமராத இளையவருக்கு இது நல்ல வழி. மாவட்ட அளவில் புதிய நூதனசாலை வருகிறது, அதற்கு ஆளணி அனுமதியும் கிடைத்துவிட்டது என்றாலும் சரி. மற்றவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

## வழி 2: பெரிய நூதனசாலையில் குறுகிய பயிற்சி

கொழும்புத் தேசிய நூதனசாலை 1877 இல் திறந்தது. தேசிய நூதனசாலைகள் திணைக்களம் 1942 இலிருந்து இயங்குகிறது. அந்தளவு வயதான இடத்தில் சில நாள் நின்றாலே கற்க நிறைய உண்டு: பெட்டிக்குள் வெளிச்சம் எவ்வளவு, ஈரப்பதனை எப்படிப் பார்ப்பது, களஞ்சியத்தில் பொருளை எப்படி அடுக்குவது. கொஞ்சம் தூரம் பார்க்கிறவர்களுக்கு, சர்வதேச நூதனசாலைகள் பேரவையின் பயிற்சி நிலையம் 2013 இலிருந்து பெய்ஜிங் அரண்மனை நூதனசாலையில் நடக்கிறது. அதற்கு ஆங்கிலம் வேண்டும். போட்டியும் இருக்கும்.

நானே ஒருமுறை தலைநகர்ப் பக்கம் இப்படியொரு ஐந்து நாள் பயிற்சிக்குப் போனேன். நடத்தியவர்களின் பெயர் வேண்டாம். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் போய், இரவு பஸ்ஸில் வந்து, நித்திரை முறிந்த நாட்களையும் சேர்த்தால் ஐந்து நாள் ஏழாகிவிட்டது. வகுப்பு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் முதல் நாள் மட்டும் வந்தார். மூன்றாம் நாள் தொடுதிரையும் ஒலிவழிகாட்டியும் எப்படித் தெரிவுசெய்வது என்று ஒரு முழுக் காலை போனது. மின்சாரம் போனால் மின்விசிறியே நின்றுவிடும் மண்டபத்திலிருந்து வந்த நான் அதைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தேன். அந்தக் கொப்பியை அதற்குப் பிறகு திறக்கவில்லை.

ஆனால் அதே பயிற்சியில், இரண்டு கண்காட்சி நடத்திய அனுபவத்தோடு மலையகத்திலிருந்து வந்த ஒருவர் என்னைவிடப் பத்து மடங்கு பெற்றுக்கொண்டு போனார். பிள்ளைகள் கூட்டமாக வந்தால் வரிசையை எங்கே உடைப்பது, பெட்டியின் கண்ணாடி எந்த உயரத்தில் தொடங்க வேண்டும் என்று அவரிடம் கேள்விகள் தயாராக இருந்தன. இந்த வழி அப்படிப்பட்டவருக்கு. முதல் பயிற்சியாக இதை எடுப்பது வீண்.

இன்னொன்று. பெண் உத்தியோகத்தரை அனுப்பும்போது தங்குமிடத்தை அவரே தேடட்டும் என்று விடுகிறார்கள். அதனாலேயே அவர் ‘எனக்கு வசதிப்படாது’ என்று சொல்லிவிடுகிறார். பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே ஆண் உத்தியோகத்தர்தான் போய்வருவார்.

## வழி 3: இணையவழிப் பாடநெறி

செலவு குறைவு, வீட்டிலிருந்தே செய்யலாம். லெஸ்டர் பல்கலைக்கழகம் லிவர்பூல் நூதனசாலைகளோடு சேர்ந்து நடத்திய இலவசப் பாடநெறி போன்றவை நல்ல தரம். பார்வையாளர் ஆய்வு என்ற துறைக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது என்பதே பலருக்கு இதில்தான் தெரியவரும். 1916 இல் பொஸ்ரன் நூதனசாலையின் கில்மன், ஒருவரைப் பெட்டிகளைப் பார்க்கவிட்டு, அவர் குனிந்து வளைந்து படும் பாட்டைப் படம் பிடித்து, ‘நூதனசாலைக் களைப்பு’ பற்றி எழுதினார். அதைப் படித்த பிறகு, எட்டு வயதுப் பிள்ளையின் நெற்றி உயரத்தில் பெட்டி வைக்க உங்களுக்கு மனம் வராது.

1930 களில் அமெரிக்காவில் மெல்ரன் என்பவர், மண்டபத்துக்குள் நுழைபவர்களில் பெரும்பாலானோர் வலப்பக்கம் திரும்புகிறார்கள் என்று கண்டார். இதைப் படித்துவிட்டு நாங்களும் கதையின் தொடக்கத்தை வலப்பக்கச் சுவரில் வைத்தோம். வயதான ஆட்கள் பலர் வாசலில் நின்று நிதானித்து இடப்பக்கம் போனார்கள். எனக்கு விளங்கவில்லை. கூட நின்ற ஆசிரியை சிரித்தார்: “நடுவில மேசையில குத்துவிளக்கு வைச்சிருக்கிறியள். சனம் வலம் வருது.” கோயிலில் நடுவில் இருப்பதை வலக்கைப் பக்கம் விட்டுச் சுற்றுவோம். அப்படியென்றால் வாசலில் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். இணையவழிப் பாடத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சம்பவத்துக்குள் இருக்கிறது. எதைக் கவனிப்பது என்று அது சொல்லித் தந்தது. விடையை எங்கள் மண்டபத்தில்தான் தேட வேண்டியிருந்தது.

மறைசெலவு டேட்டாவில் இல்லை. ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள்தான் எல்லோருக்கும் மொழிபெயர்க்க வேண்டிவரும். அலுவலகக் கடிதம் எழுதுவதும், வெளிநாட்டார் வந்தால் சுற்றிக் காட்டுவதும் அதே ஆள். இரண்டாம் வாரத்தில் அவர் களைத்துப்போவார், மற்றவர்கள் முதல் வாரத்திலேயே கழன்றிருப்பார்கள். தனியாகச் செய்யாமல், மூன்று பேர் கிழமைக்கு ஒரு மாலை ஒன்றாக இருந்து பார்த்து, ஒவ்வொரு பாடத்தின் பின்னும் மண்டபத்தில் ஒன்றைச் செய்து பார்த்தால் நின்று பிடிக்கும். காசு அறவே இல்லாத இடத்துக்கும், அடுத்து வளவாளரை அழைக்கப் போகிறவர்கள் முன்தயாரிப்பாகச் செய்வதற்கும் இது போதும்.

## வழி 4: வளவாளரை இங்கே அழைப்பது

செயலமர்வு என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பதினொரு மணிக்கு வளவாளர் ஒலிவாங்கியைப் பிடிப்பார், ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பொதி. அதைச் சொல்லவில்லை.

நான் சொல்வது நான்கு மாதம், மூன்று வருகை, முடிவில் திறந்தே ஆக வேண்டிய ஒரு சிறு கண்காட்சி. முதல் வருகையில் இரண்டு நாள் வெளியே போய்ச் சனத்திடம் கேட்பது. இரண்டாவதில் பிரிஸ்டல் போட்டில் மாதிரி அட்டை எழுதிக் காட்டுவது. மூன்றாவது, திறப்பு நாளும் அதற்கு அடுத்த நாளும் மூலையில் நின்று குறிப்பெடுப்பது. இடைப்பட்ட நாட்களில் தொலைபேசி. ஒருவருக்குப் பதிலாக எட்டு, பத்துப் பேர் பழகுவார்கள்: கலாசார உத்தியோகத்தர், இரண்டு ஆசிரியர், கமக்கார அமைப்பிலிருந்து ஒருவர், உயர்தர மாணவர் சிலர். இரண்டு பேருக்கு இடமாற்றம் வந்தாலும் மிச்சப்பேர் ஊரில் இருப்பார்கள்.

குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் ஊர்ப்பெயரே பாதி குளம் என்றுதான் முடியும். பழைய முறையில் செய்தால் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று படங்கள், கீழே கொள்ளளவு, கட்டிய ஆண்டு. பார்வையாளரை முன்வைத்தால் முதலில் ஒரு வசனம் எழுத வேண்டும், கண்காட்சி முழுவதும் அந்த வசனத்துக்குக் கட்டுப்பட வேண்டும். உதாரணமாக: ‘தண்ணீர் குறைந்த வருடத்தில் யாருடைய வயலுக்கு முதலில் என்று முடிவெடுத்த விதம்தான் ஊரைச் சேர்த்து வைத்தது.’ உடனே வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் வருகிறார், சிறுபோகக் கூட்டம் வருகிறது, மதகடிச் சண்டை வருகிறது. அணைக்கட்டின் நீளம் பின்னால் போய்விடுகிறது. அதைத் தேடுபவருக்கு ஓர் ஓரத்தில் கிடைக்கட்டும்.

அட்டை எழுதும் பயிற்சிக்கும் ஒரு உதாரணம். ஒரு பழைய அட்டை இப்படி இருந்தது: ‘கொத்து. தானியங்களை அளப்பதற்குப் பயன்படுத்தப்பட்ட பண்டைய அளவைக் கருவி.’ ஒரு மாணவி அதை மாற்றினாள்: ‘அருவி வெட்டியவருக்கு நெல்லாகக் கூலி கொடுத்த காலம். கொத்தைக் குவித்து அளந்தார்களா, தலைதட்டி அளந்தார்களா என்பதில்தான் அடுத்த நாள் சாப்பாடு இருந்தது.’ இதை ஏ4 தாளில் அடித்து ஐந்து பேரிடம் காட்டச் சொன்னோம். நான்காவதாகப் பார்த்த ஆச்சி, “தலைதட்டினாலும் கடைசியில ஒரு பிடி மேல போடுவினம், அதை எழுதேல்லையே” என்றார். அந்தப் பிடி அட்டையில் ஏறியது. சர்வதேச நூதனசாலைகள் பேரவை 2022 இல் பிராகாவில் ஏற்றுக்கொண்ட புதிய வரைவிலக்கணம் ‘சமூகங்களின் பங்கேற்போடு’ இயங்குவது என்று சொல்கிறது. எங்கள் ஊரில் அது ஒரு பிடி நெல்.

முன்பு சொன்ன ஆறாவது அளவுகோலுக்கும் இந்த வழி ஒன்றுதான் ஓரளவு ஈடுகொடுக்கும். கேட்கப் போகும்போதே எந்தப் பேச்சில் குரல் மாறுகிறது என்று தெரிந்துவிடும்.

சரி, குறைகள். தமிழில் பேசக்கூடிய, தானே கண்காட்சி செய்து கை பழகிய வளவாளர் கிடைப்பது கடினம். விரிவுரை நன்றாகச் செய்பவரை அழைத்துவிட்டு ஏமாறாதீர்கள். அவர் கடைசியாக எந்தக் கண்காட்சிக்கு அட்டை எழுதினார் என்று கேளுங்கள். சான்றிதழ் என்று ஒரு தாள் கொடுக்கலாம், பதவி உயர்வுக்கு அது செல்லாது. உத்தரவுக்காக வருபவர்கள் இரண்டாம் வருகைக்கு வரமாட்டார்கள். அச்சுச் செலவை மறந்துவிடுவார்கள், மூன்று மொழிப் பலகைதான் கடைசியில் காசைத் தின்னும். பிறகு பருவம்: காலபோக அறுவடை நேரத்தில் கமக்காரரைக் கூப்பிட்டால் ஒருவரும் வரார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை ஒட்டி வைத்தால் பயிற்சிக்கு ஆள் கிடைக்காது, ஆனால் மாதிரி அட்டைகளைக் காட்டிப் பார்க்க அதைவிடப் பெரிய கூட்டம் வேறெங்கே கிடைக்கும்? நான் என்றால் முதல் வருகையைப் பங்குனியில் வைத்து, இரண்டாம் சுற்றைப் பொங்கலுக்கு விட்டு, ஆடி ஆவணியில் வெளிநாட்டு உறவினர் வரும் நேரம் திறப்பேன்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | நீண்ட கற்கை | குறுகிய பயிற்சி | இணையவழி | வளவாளர் இங்கே |
|---|---|---|---|---|
| பார்வையாளர் முன் நிற்றல் | உண்டு, வேறு ஊரார் | மிகக் குறைவு | நாங்களாகச் செய்தால் | உண்டு, எங்கள் ஆட்கள் |
| மொழி | ஆங்கிலம் | சிங்களம், ஆங்கிலம் | ஆங்கிலம் | தமிழ் |
| இடமாற்றம் வந்தால் | எல்லாம் போய்விடும் | எல்லாம் போய்விடும் | குழுவாகப் படித்தால் மிஞ்சும் | பெரும்பாலும் மிஞ்சும் |
| மறைசெலவு | பிணைமுறி, வெற்றுக் கதிரை | பயண நாட்கள், தங்குமிடம் | ஒருவரின் மொழிபெயர்ப்பு உழைப்பு | அச்சு, ஆளைத் தேடும் அலைச்சல் |
| சான்றிதழின் பெறுமதி | உயர்வு | ஓரளவு | குறைவு | இல்லை என்றே சொல்லலாம் |
| துயரத்தோடு வருபவர் | படிக்கும் இடத்தைப் பொறுத்தது | இல்லை | இல்லை | ஓரளவு |

## இருவருக்கும் சொன்னது

பாடசாலைக்கு நான்கில் எதுவும் இப்போது வேண்டாம் என்றேன். அதிபர் முகம் சுருங்கியது, காசு திரும்பிப் போய்விடும் என்ற கவலை. மாணவர் குழு ஒன்றை ஒரு நாள் யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் இருக்கும் தொல்பொருள் நூதனசாலைக்கும், இன்னொரு நாள் வவுனியாவில் இருப்பதற்கும் கூட்டிக்கொண்டு போங்கள். பொருட்களைப் பார்க்க வேண்டாம், பார்க்க வருபவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். யார் எங்கே எத்தனை விநாடி நிற்கிறார் என்று ஆளுக்கொரு தாளில் குறிக்கட்டும். மிச்சக் காசுக்கு பிரிஸ்டல் போட் வாங்குங்கள். ஒரு தவணை அப்படிச் செய்த பிறகு இணையவழிப் பாடத்தை ஆங்கில ஆசிரியரோடு தொடங்கலாம்.

கலாசார மண்டபக் குழுவுக்கு நான்காவது வழி. அடுத்த வருடம் அவர்களில் ஒருவரை, கேள்விகள் சேர்ந்த பிறகு, குறுகிய பயிற்சிக்கு அனுப்பலாம். பயிற்சிக்கு வரப்போகிறவர்களின் பட்டியலை அனுப்பியிருந்தார்கள். உத்தியோகத்தர்கள், ஓய்வுபெற்ற அதிபர், சங்கத் தலைவர். மண்டபத்தின் காவலாளி பெயர் இல்லை. கேட்டேன். “அவர் எட்டாம் வகுப்போட நிண்டவர், செயலமர்வில என்ன செய்வார்?” என்று பதில் வந்தது. காலையில் கதவு திறப்பவர் அவர், வருபவர் முதலில் பார்க்கும் முகம் அவருடையது, தொடாதேங்கோ என்று சொல்லப் போகிறவரும் அவர்தான் என்றேன். புதிய பட்டியல் நேற்று வந்தது. அவர் பெயர் கடைசியில் இருக்கிறது, பரவாயில்லை.